பூட்டிய அலமாரிக்குள் நுண்ணோக்கி

ஆசிரியருக்கு,

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, செல்லின் படத்தைப் பிசகாமல் வரைகிறாள், பாகங்களையும் குறிக்கிறாள். ஆனால் ஒரு செல்லைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் நுண்ணோக்கி இருக்கிறதாம், பூட்டிய அலமாரிக்குள். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி, உருப்பெருக்கிப் பார்த்துத்தானே 'செல்' என்று பெயரிட்டார்!

வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். உள்ளே பழுப்புப் பொட்டாக உட்கரு. செலவு ஒரு வெங்காயம். (மீதியைச் சாம்பாரில் போடலாம்.) கருவி உடைந்துவிடும் என்று பயமாம். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் எல்லோருக்கும் முழுதாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு தாத்தா,
கும்பகோணம்