அத்தையின் கிராம்பு எண்ணெய்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமியான எம்.ஆர்.எஸ்.ஏ. பூசிய அகார் தட்டு, கிருமி வளர்க்கும் கூழ். எலுமிச்சைப் புல் எண்ணெய் ஊறிய வட்டைச் சுற்றி 38 மில்லிமீட்டருக்குத் துடைத்து வைத்ததுபோல் கிருமி வளராத வெறுமை. அதே தட்டின் ஓரத்தில் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாட்டிக் வட்டு. கிருமி அதை ஒட்டி மெத்தையாக வளர்ந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அத்தை அன்றைக்குச் சொன்னது சரிதானே அம்மா?" அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் பேசினால் உன் அப்பா நடுவில் புகுந்து தன் காலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார்.

2005இல் உனக்கு ஒன்பது வயது. ஸ்கூட்டர் விபத்தில் அப்பாவின் கால் எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். பத்தாம் நாள் தையல் ஓரத்தில் சீழ் கட்டியது. அந்தச் சீழ் ஆய்வகத்தில் என் மேசைக்கே சோதனைக்கு வந்தது. குழாயில் ஒட்டிய சீட்டில் உன் அப்பாவின் பெயர். இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சீழைப் பரிசோதித்தவளுக்கு அன்றைக்குக் கை நடுங்கியது. மறுநாள் காலை அடைகாப்புப் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது: பொன்னிறப் புள்ளிகள், செஃபாக்சிடினுக்கு அசையவில்லை.

அத்தை நாகர்கோவிலிலிருந்து கிராம்பு எண்ணெயோடு வந்து இறங்கினார். "பல் சொத்தைக்குக் கேட்கிறது, புண்ணுக்குக் கேட்காதா?" என்றார். நான் புட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நீயும் மூலையில் நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். அம்மாவுக்குப் படிப்புத் திமிர் என்று நினைத்திருப்பாய்.

இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்றிரவு புட்டியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். உன் அப்பாவின் கிருமியையே தட்டில் பூசி, எண்ணெயில் நனைத்த வட்டை வைத்தேன். காலையில் 24 மில்லிமீட்டர். அழகான வளையம். கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய்க் கட்டைப் பிரித்து ஊற்றிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை.

ஏன் ஊற்றவில்லை என்று கேட்பாய். ஒரே கேள்விதான் என்னை நிறுத்தியது: கிருமியைக் கொல்லும் அளவுக்கும் தோலைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? தட்டில் இருப்பது கிருமி மட்டும். புண்ணில் புதிதாக முளைக்கப் பார்க்கும் சதையும் இருக்கிறது. கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனாலுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொழுப்பில் கரைவது அதன் குணம். கிருமியின் சவ்வில் நுழைந்து ஓட்டையாக்கி உள்ளே இருப்பதை வெளியே கசிய விடுகிறது. நம் செல்லின் சவ்வும் கொழுப்புதானே. அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு வந்தது: வளர்ப்பில் இருந்த மனிதத் தோல் செல்கள் 0.03 சதவீதக் கிராம்பு எண்ணெயிலேயே செத்துவிட்டன. நான் வட்டில் நனைத்தது கலப்பில்லாத எண்ணெய். படித்தபோது முதுகு சில்லிட்டது.

அளவைப் பற்றிப் பேசினால் உன் பேராசிரியருக்கும் பிடிக்கும். ஆஸ்திரேலியத் தேயிலை மர எண்ணெயை எடுத்துக்கொள். நம் தேயிலைச் செடிக்கும் அதற்கும் உறவில்லை, பெயர்தான் குழப்புகிறது. 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் அதன் கிருமிநாசினிக் குணத்தை எழுதினார். அது ஸ்டாஃப் கிருமியை அடக்க ஏறத்தாழ 0.25 சதவீதம் வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டாயிரம் மைக்ரோகிராமுக்கு மேல். வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு இரண்டு மைக்ரோகிராம் போதும். ஆயிரம் மடங்கு! இவ்வளவையும் ரத்தத்தில் ஏற்ற முடியாது. ஆகவே உன் எண்ணெய்க்கு உடம்பின் உள்ளே வேலை இல்லை. தோலிலும் மூக்குத் துவாரத்திலும் மேசைப் பரப்பிலும் இருக்கலாம்.

அதைத்தான் இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு அது. எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டியிருந்த 224 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான களிம்பும் கழுவலும், மற்றவர்களுக்குத் தேயிலை மர எண்ணெய் கலந்தவை. வழக்கமான முறையில் 49 சதவீதம் பேருக்குக் கிருமி போனது, எண்ணெயில் 41. அந்த வித்தியாசத்தைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் மூக்கில் மட்டும் பார்த்தால் வழக்கமான முபிரோசின் களிம்பு 78 சதவீதம், எண்ணெய்க் களிம்பு 47. பின்னர் வடக்கு அயர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 391 பேரை வைத்து, எண்ணெய் கலந்த சோப்பால் குளிப்பாட்டினால் கிருமி தொற்றாமல் தடுக்கலாமா என்று பார்த்தார்கள். சாதாரண சோப்பைவிட மேல் என்று நிறுவ முடியவில்லை. தட்டில் புலியாக இருந்தது வார்டில் பூனையானது. எண்ணெய் வீண் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் 'ஆன்டிபயாட்டிக்கை வீழ்த்திய மூலிகை' என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்த 47ஐப் படித்திருப்பார்கள்?

இனி உன் தட்டுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எலுமிச்சைப் புல்லின் சிட்ரால் ஆவியாகும் பொருள். மூடிக்குள் ஆவி சுற்றும்போது உன் 38இல் எவ்வளவு எண்ணெய் பரவியதால் வந்தது, எவ்வளவு ஆவியால் வந்தது? அதை எப்படி அதே தட்டில் வேறொரு வட்டோடு வைத்தாய்? தனித் தட்டில் வை. எண்ணெய் தண்ணீரில் கலக்காது, அகாரில் சரியாகப் பரவாது. அதனால் வளைய அளவை வைத்து ஓர் எண்ணெயை இன்னோர் எண்ணெயோடு ஒப்பிட்டு ஆய்வேட்டில் அட்டவணை போடாதே. திரவத்தில் நீர்த்துப் பார். கலக்குவதற்கு ட்வீன் 80 சேர்ப்பாய் அல்லவா, ட்வீன் மட்டும் போட்ட குழாய் ஒன்றும் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு கொஞ்சம் சீரம் சேர்த்துப் பார். புண்ணில் புரதம் இல்லாமல் இருக்குமா?

எண்ணெயை எந்தக் கடையில் வாங்கினாய்? அதில் சிட்ரால் எத்தனை சதவீதம் என்று அளந்தாயா? நிலமும் அறுவடை மாதமும் மாறினால் எண்ணெய் மாறும். கலப்படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முக்கியமானது, உன் படத்தில் இல்லாத கிருமிகள். அன்றிரவு நான் சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமியையும் ஒரு தட்டில் பூசினேன். அது கிராம்பு வட்டின் விளிம்பு வரை பச்சையாக வளர்ந்து, தன் திராட்சை வாசனையையும் பரப்பிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது; உள்ளே நுழைந்த எண்ணெயை வாரி வெளியே தள்ளும் பம்புகளும் இருக்கின்றன. நம் வார்டுகளில் இன்று உறக்கத்தைக் கெடுப்பவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற அந்த இரட்டைச் சவ்வுக் கூட்டம்தான். 2010இல், வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளையும் உடைத்துவிடும் என்டிஎம்-1 என்ற கிருமி நொதியைப் பற்றி லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையை நீ படித்திருப்பாய். முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகள். அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் தேநீர் வேளையில்கூட வேறு பேச்சு இல்லை. நாங்கள் தினமும் பார்த்ததற்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

எண்ணெயைத் தனியாக நிறுத்தாமல், பழைய மருந்தோடு சேர்த்துச் சதுரங்கக் கட்டம்போல் நீர்த்துப் பார்க்கிறார்களே, அதைச் செய்யேன். சவ்வை எண்ணெய் இளக்கிவிட்டால் பழைய மருந்து குறைந்த அளவிலேயே உள்ளே போகலாம். பத்தில் ஒன்பது கட்டம் ஏமாற்றும். அந்தப் பத்தாவது கட்டத்தில் எண்ணெய் குறைந்த அளவில் இருந்தால், தோல் செல்லுக்கும் அதே அளவைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அப்பாவின் புண்ணைத் திறந்து கழுவி, செத்த சதையை வெட்டி, ஆறு வாரம் வாங்கோமைசின் ஏற்றினார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் நொண்டுகிறார். காலையில் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போகிறார்.

அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது, முக்கால்வாசி மீதம். நிறம் கறுத்துவிட்டது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. புது எண்ணெய்க்கும் பழையதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீர்த்துப் பார்த்துச் சொல். அத்தையும் பொங்கலுக்கு வருகிறார். அந்த 24 மில்லிமீட்டரை அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா