அமரில்லோவில் தங்கிய ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

டென்வர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. வீடு இன்னும் அட்டைப்பெட்டிகளாகத்தான் கிடக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரம். நம் ஏற்காட்டைவிட ஏறக்குறைய நூறு மீட்டர்தான் அதிகம். ஆனால் நாங்கள் வந்த வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லை. சமவெளியே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அம்மாவிடம் சொல், கேட்டால் ஆச்சரியப்படும்.

மாடி அறைகள் மூன்றையும் மே மாதக் கோடை விழாவுக்குள் வாடகைக்கு விடப்போவதாகப் போனில் சொன்னாய். பெட்டி கட்டுகிற அவசரத்தில் அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. வருகிற வழியில் ஒரு ராத்திரி நாங்கள் பட்டதை உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

வேலை முடித்து டல்லஸிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அமரில்லோ 580 கிலோமீட்டர். அங்கே தூங்கிவிட்டு, மீதி 700 கிலோமீட்டரைக் காலையில் ஓட்டலாம் என்று திட்டம். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் முன்பே பணம் கட்டியிருந்தேன். மோட்டல் என்றால் நம் ஊர் லாட்ஜ் மாதிரி இல்லை. அறைக் கதவைத் திறந்தால் எதிரே கார் நிற்கும். காரில் வருகிறவர்களுக்காகவே ஏற்பட்டது. மோட்டார், ஹோட்டல் என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி 1925இல் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் முதன்முதலாக அந்தப் பெயரை வைத்தார்களாம்.

போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரிந்தது. மணி அடித்து, தோளில் தூங்கும் பாப்பாவோடு பத்து நிமிடம் காற்றில் நின்றோம். அந்தச் சமவெளிக் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. ஒரு பெண் வந்து சாவி அட்டையைக் கொடுத்தாள். படத்தில் காட்டிய அறை கீழே இருந்தது, கிடைத்தது மாடியில் கடைசி அறை. படிக்கட்டில் விளக்கு இல்லை.

கதவைத் திறந்ததும் சிகரெட் வாடை. அதை மறைக்க எதையோ தெளித்திருந்தார்கள், இரண்டும் சேர்ந்து தலையைச் சுற்றியது. அம்மா நமக்குப் பழக்கிய மாதிரி முதலில் விரிப்பை உதறினேன். யாருடைய தலைமுடியோ விழுந்தது. போர்வையில் நெருப்புப் பட்ட ஓட்டைகள் மூன்று. குழாயை எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா. கதவுச் சங்கிலி பிய்ந்து தொங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இவள் காரிலிருந்து நம் பவானி ஜமுக்காளத்தை எடுத்துவந்து மெத்தைமேல் விரித்து, பாப்பாவைப் படுக்கவைத்தாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஏசிப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாரி கிளம்புவதுபோல் உறுமியது. குழந்தை ஒவ்வொரு தடவையும் விழித்து அழுதாள். நான் விடியும்வரை கண்ணை மூடவில்லை.

காலையில் போய்ச் சொன்னேன். அதே பெண்தான் இருந்தாள். முந்தின இரவு பத்து மணிக்கு வந்தவள், மாற்று ஆள் வராததால் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. இணையத்தில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அத்தனை அறைக்கும் ஒரே ஆளை விட்டுவிட்டு வீட்டில் தூங்குகிற முதலாளிமேல்தான் வந்தது. காலை உணவு என்று போட்டிருந்த இடத்தில் ஆறிப்போன காப்பி மட்டும் இருந்தது. காப்பித் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த என்னால் அதை ஒரு வாய்க்குமேல் குடிக்க முடியவில்லை.

எல்லா மோட்டலும் இப்படி என்று நினைத்துவிடாதே. இந்த நாட்டு மோட்டல்களில் ஏராளமானவை குஜராத்திக் குடும்பங்களுடையவை. இரண்டு வருடம் முன்னால் அப்படி ஒன்றில் தங்கினோம். கட்டடம் இதைவிடப் பழசு. ஆபீசுக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. குழந்தை அழுகிற சத்தம் கேட்டு அந்த அம்மா பாலைக் காய்ச்சி எடுத்துவந்தார். அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்றுகூட இன்று ஞாபகமில்லை, அந்தப் பால் டம்ளரின் சூடு ஞாபகம் இருக்கிறது.

உன்னிடம் வருகிறவர்கள் சேலத்திலிருந்து இருபது வளைவு ஏறி, பாதிப்பேர் வழியில் வாந்தி எடுத்துவிட்டு வருவார்கள். அவர்களிடம் உடனே ஆதார் அட்டையைக் கேட்காதே. முதலில் வெந்நீர் கொடு, உட்காரச் சொல், அப்புறம் எழுதிக்கொள்ளலாம். கடைசி ஆள் வந்து சேரும்வரை மாமாவோ நீயோ யாராவது ஒருவர் விழித்திருங்கள். மழை மாதங்களில் நம் மாடியில் ஈர வாடை வரும், தெரியும்தானே. அதைச் சாம்பிராணி போட்டு மறைக்கவேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போடு. ஏரி தெரியாத அறைக்கு ஏரி தெரிகிற படத்தைப் போடாதே. மூன்று அறையையும் ஒரே நாளில் திறக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒன்றைச் சரியாக நடத்திப் பார்த்துவிட்டு அடுத்ததைத் திற.

கீசருக்கு நான் பணம் அனுப்புகிறேன், மாமாவிடம் சொல்லிவிடு. அப்புறம், கிழக்கு அறைத் தாழ்ப்பாள் அப்பா இருந்த காலத்திலிருந்தே சரியாக விழாது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டும், அது நமக்குத்தான் தெரியும். முதல் ஆள் வருவதற்குள் அதை மாற்றிவிடு.

அன்புடன்,
உன் தம்பி