75 கிலோவில் நின்ற ஐந்து மாதம்

கியூர்பிப், மொரீசியஸ்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? உனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதாகப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து மனசு சரியில்லை. அம்மாவின் காலில் ஆறாத அந்தப் புண்ணை நாம் இரண்டு பேரும்தான் மாறி மாறிக் கட்டினோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எடை இறங்கிவிட்டது அக்கா. இன்று காலை 71.

இங்கே இப்போது குளிர்காலம். ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் நேரத்தில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூறலில் நடக்கிறேன். இந்த ஊர் மேட்டுநிலம், மழை விடுவதே அபூர்வம். பக்கத்தில் த்ரூ ஓ செர்ஃப் என்று அடங்கிப்போன எரிமலை ஒன்று இருக்கிறது. வாயைச் சுற்றி ரோடு, உள்ளே சரிவு முழுக்க மரம், அடியில் சின்னக் குளம். விடிகாலையில் ஊரே அதைச் சுற்றி நடக்கும். நானும் போன வருஷம் 86 கிலோவோடு அங்கேதான் நடக்க ஆரம்பித்தேன். ஏழு மாதத்தில் 11 கிலோ குறைந்தது. ஜனவரியில் 75-க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. ஜூன் வரைக்கும் அசையவில்லை.

நடுவில் காவடி வந்தது. தைப்பூசத்தை இங்கே காவடி என்றுதான் சொல்கிறார்கள், நாட்டுக்கே விடுமுறை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பேச்செல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழிதான், தமிழ் சாமி பாட்டில் மட்டும். ஆனால் விரதத்தில் நம்மை மிஞ்சுவார். அவரோடு சேர்ந்து நானும் பத்து நாள் கவுச்சி தொடாமல், ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்கியது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! விரதம் முடிந்த ஒரே வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தபோது உட்கார்ந்து அழுதேன். அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. சோறும் உப்பும் குறைந்தால் உடம்பு பிடித்துவைத்திருக்கும் தண்ணீரை விடும், பழையபடி சாப்பிட்டதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம்தான் உணவு ஆலோசகர் ஒருவரிடம் போனேன். முதலில் ஒரு கணக்குச் சொன்னார். உடம்பு ஒரு கிலோ இளைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 20, 25 கலோரி தேவை குறையுமாம். 11 கிலோவுக்கு 250 வைத்துக்கொள். 86 கிலோக்காரியை இளைக்கவைத்த அதே தட்டு 75 கிலோக்காரிக்குச் சரியாகப் போதுமானதாக ஆகிவிட்டது. நான் ஒழுங்காக இல்லை, என் உடம்பே சாபம் என்றெல்லாம் ஐந்து மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் வீண் வேதனை அக்கா.

அடுத்து, ஒரு வாரம் எண்ணெயை அளந்து ஊற்றச் சொன்னார். தாளிக்க ஒரு மேசைக்கரண்டி ஊற்றுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அளந்தால் மூன்று! இரண்டு வேளைக்குக் கூடுதலாக நாலு கரண்டி, அதில் பாதி என் தட்டுக்கு. ஒரு கரண்டி 120 கலோரி. முக்கால் மணி நேரம் எரிமலையைச் சுற்றி நான் கரைத்ததெல்லாம் அந்தச் சட்டியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது.

நீ வருத்தப்படாதே. நீ அனுப்பிய செக்கு நல்லெண்ணெய் நல்லதுதான். நல்லது என்பதாலேயே கை தாராளமாகிவிட்டது. இந்தத் தீவுக்கே இப்படி ஒரு அனுபவம் உண்டு. 1987-ல் மலிவு விலைச் சமையல் எண்ணெயில் பாமாயிலை எடுத்துவிட்டு சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992-ல் சோதித்தபோது மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. பெரிய விஷயம் அது. ஆனால் அதே ஐந்து வருஷத்தில் பருமன் குறையவில்லை, கூடியது. எந்த எண்ணெயானாலும் கலோரி ஒன்றுதானே.

தோல் பூரியை நான் விடவில்லை. நம் பருப்புப் போளியில் இனிப்பை எடுத்துவிட்டால் அதுதான், ஜோடியாகத்தான் விற்பார்கள். வாரம் ஒருநாள் ஒரு ஜோடி, அவ்வளவுதான். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குப் பதில் இரண்டு முட்டை, இல்லாவிட்டால் பயறுச் சுண்டல். பதினோரு மணிப் பசி அதோடு போயிற்று. வாரம் மூன்று நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது. இளைக்கும்போது தசையும் சேர்ந்து கரையுமாம், அதைக் காப்பாற்றத்தான் இது. ராத்திரி பத்தரைக்குப் படுத்துவிடுகிறேன்.

முதல் மூன்று வாரம் மெஷின் அசையவே இல்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இடுப்பை டேப்பால் அளந்தால் 3 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாலாவது வாரம் வரை போனேன். 74.2 என்று காட்டியபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பி. மாத்திரை ஏதாவது எழுதித் தந்திருந்தால் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதே. இன்றைக்கு ராத்திரியே சமையலறையில் ஒரு மேசைக்கரண்டியை எண்ணெய்க்கென்று தனியாக எடுத்துவை. எத்தனை கரண்டி ஆகிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அத்தானின் நண்பர் அடுத்த மாதம் வருகிறார் என்றாயே, இந்தத் தடவை ஐந்து லிட்டர் வேண்டாம். ஒரு லிட்டர் கொடுத்துவிடு, தீபாவளி வரைக்கும் வரும். மிச்ச இடத்தில் அரைக் கிலோ கருப்பு உளுந்தும் பாட்டி வீட்டு மாவடுவும் வை.

அன்புடன்,
உன் தங்கை