மறு அச்சு போதாது: சரித்திர நாவல்களைப் பதிப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகி, யாரும் அச்சிடலாம் என்றானபிறகு ‘பொன்னியின் செல்வன்’ எத்தனை பதிப்பு கண்டது என்று எண்ணி மாளாது. சாண்டில்யனுக்கும் வாசகர்கள் குறையவில்லை. அதே அலமாரியில் பக்கத்தில் நின்ற சரித்திரக் காதல் நாவல்கள் பலவற்றுக்கு இன்று பெயர் மட்டும்தான் மிச்சம். அவற்றை மறுபடி கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஆனால், தேய்ந்த பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து புது அட்டை போட்டுத் தருவதை நாங்கள் கேட்கவில்லை. அப்படி வருகிற புத்தகத்தை வாசகர் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறார், பழி நாவலின் மேல் விழுகிறது.

எங்கள் முதல் தேர்வு அரு. ராமநாதனின் ‘வீரபாண்டியன் மனைவி’. அவரே நடத்திய ‘காதல்’ இதழில் தொடராக வந்தது. காலம், மூன்றாம் குலோத்துங்கன் பாண்டிநாட்டை வென்ற காலம். தோற்ற வீரபாண்டியனின் தேவியை வேளம் ஏற்றியதை அந்தச் சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் பகுதி, வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கிறது. போரில் பிடித்துவந்த பெண்களை அரண்மனை ஊழியத்துக்கு வைத்திருந்த இடம்தான் வேளம். கல்வெட்டில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. அவளைத்தான் நாவல் தன் தலைப்பில் ஏற்றிவைக்கிறது. அந்த மெய்க்கீர்த்தி வரிகளையும் வேளம் பற்றி அரைப் பக்கக் குறிப்பையும் முன்னால் சேர்த்துப் பாருங்கள், தலைப்பின் கனமே வேறாகிவிடும். ஜனநாதன் என்ற பாத்திரத்துக்காகவே படிக்கலாம். அரசைப் பற்றி அவன் பேசும் இடங்கள் தமிழ்ச் சரித்திர நாவலில் அரிது.

நா. பார்த்தசாரதி என்றால் ‘குறிஞ்சி மலர்’ என்கிறார்கள். அவருடைய ‘மணிபல்லவம்’ பூம்புகாரில் நடக்கிறது. அதன் நாயகன் இளங்குமரன் அரசனும் அல்லன், இளவரசனும் அல்லன். வாள் ஏந்தத் தெரிந்தவன் கல்வியையும் வாதத்தையும் தேடிப் போகிறான், செல்வத்தில் திளைத்த சுரமஞ்சரியின் காதல் அவனால் வேறு உரு எடுக்கிறது. மகுடத்துக்கான சதி இல்லாமலும் சரித்திர நாவல் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி. ஜெகசிற்பியனின் ‘நந்திவர்மன் காதலி’க்குத் துணையாக, அந்த மன்னனைப் பாடும் பழைய நூலான நந்திக்கலம்பகத்திலிருந்து பத்துப் பாடலாவது பின்னிணைப்பில் வேண்டும், தெள்ளாற்றுப் போரை வென்ற நந்திவர்மனைத் தமிழ் எப்படிக் கொண்டாடியது என்று தெரிந்துகொண்டு படிப்பது தனிச் சுகம். திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) நாயக்கர் காலக் காதல் கதை, தமிழில் சரித்திர நாவலின் தொடக்கமே அதுதான்.

இனி வேலைக்கு வருவோம். பெரும்பாலும் தவறு நேர்வது பாடத்தில்தான், அதாவது ஆசிரியர் எழுதிய சொற்களை அப்படியே தருவதில்.

பல நாவல்கள் முதலில் வாரத் தொடர்களாக வந்தவை. புத்தகமாகும்போது சில அத்தியாயங்கள் சுருங்கின, சில இணைந்தன, ஓவியங்கள் போயின. ஆகவே தொடரையும் முதல் பதிப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடாமல் தட்டச்சுக்குக் கொடுக்காதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் இரண்டிலும் முதலில் தேடுங்கள். அங்கே கிடைக்காத இதழ்கள், வீட்டில் கிழித்து பைண்ட் செய்து வைத்த தொடர்கதைத் தொகுப்புகளில் இருக்கும். அவற்றில் ஒரு கண்ணி உண்டு. பைண்டர் ஓரம் வெட்டும்போது மேலே இதழின் தேதியும் சில பக்கங்களில் கடைசி வரியும் போயிருக்கும். பக்கத்தின் மறுபுறம் இருக்கும் திரைப்பட விளம்பரமோ செய்தியோ தேதியைக் கண்டுபிடிக்க உதவும். வெட்டுப்பட்ட வரியை யூகித்து நிரப்பாதீர்கள், இன்னொரு பிரதி கிடைக்கும்வரை இடம் விட்டு வையுங்கள்.

ஸ்கேன் படத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளை நம்பினால் அடுத்த இடி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்பு போட்டவை. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறும் பழைய சுழியோடு இருக்கும். இந்த 13 எழுத்திலும் மென்பொருள் தடுமாறும். தேய்ந்த ஈய அச்சில் புள்ளி விழாமல் ‘மன்னன்’ ‘மனனன’ ஆகும். இதுவாவது கண்ணில் படும். ஆனால் ‘கொடி’ ‘கோடி’ ஆனால் எந்தச் சொற்பிழை திருத்தியும் சொல்லாது, இரண்டும் நல்ல தமிழ்ச் சொல் அல்லவா? ரகரமும் துணைக்காலும் குழம்பி ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். இதற்கு ஒரே மருந்து, ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க மற்றவர் அச்சுக்கு முந்தைய திருத்தப் பிரதியான மெய்ப்பைப் பார்ப்பது. ஒரு முறை போதாது, ஆளை மாற்றி இரண்டு முறை. ஸ்கேன் எழுத்துக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), கோட்டோவியத்துக்கு 600.

ஆசிரியரைத் திருத்தாதீர்கள். சோழர் அடுக்களையில் மிளகாய் வந்தால் வரட்டும். போர்ச்சுகீசியர் வந்தபிறகே அது இங்கு வந்தது என்று நூலின் கடைசியில் ஒரு வரிக் குறிப்பு போதும். நாழிகை என்றால் 24 நிமிடம், யாமம் என்றால் ஏழரை நாழிகை என்று அருஞ்சொற்பொருள் கொடுங்கள். ‘மூன்றாம் யாமத்தில் காத்திரு’ என்று நாயகி சொல்லும்போது பொழுது சாய்ந்ததிலிருந்து எண்ணினால் அது நள்ளிரவு தாண்டிய நேரம் என்று இன்றைய வாசகருக்கு உறைக்க வேண்டும், அங்கேதான் அந்தக் காட்சியின் படபடப்பு இருக்கிறது.

உரிமை விஷயத்தில் அவசரம் வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964-ல் மறைந்தவரின் எழுத்து 2025 தொடக்கத்தில்தான் பொதுவுக்கு வந்தது. முதலில் அரசின் நாட்டுடைமைப் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் தேவை, ஒருவர் சம்மதித்தார் என்று அச்சுக்குப் போய்ப் பிறகு நிறுத்திய நூல்கள் உண்டு. மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாரிசு யார் என்றே தெரியாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31அ பிரிவில் உரிமம் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும்.

புத்தகக் கட்டு (பைண்டிங்) பற்றி ஒன்றே ஒன்று. ஆயிரம் பக்கம் என்றால் 500 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், முதுகு 5 சென்டிமீட்டர். அதைப் பசையால் மட்டும் ஒட்டினால் நடுப்பக்கம் முதல் வாசிப்பிலேயே பிளக்கும். ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் தொகுதி ஒவ்வொன்றாக, நூல் தையல் போடுங்கள், அல்லது இரண்டு பாகமாகப் பிரியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யச் சொல்லவில்லை. ‘மோகனாங்கி’யில் தொடங்குங்கள். உரிமைத் தடை இல்லை, தொடர் வடிவத்தைத் தேடி அலையவும் வேண்டாம். அதில் பழகிய அதே மெய்ப்பாளர்களை ‘வீரபாண்டியன் மனைவி’க்கு உட்காரவையுங்கள். உரக்க வாசிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
சரித்திர நாவல் வாசகர்கள்