கடிதப் பெட்டியும் கோரைப் பாயும்: மன்றத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கை

பெரியோர்களே, மன்றத்து நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கையை நான் வாசித்து முடிப்பதற்குள் பொருளாளர் அண்ணாச்சி இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். ஆகவே இந்த முறை கூட்டம் நடந்த தேதி, வந்தவர் தலைக்கணக்கு எல்லாவற்றையும் பதிவேட்டிலேயே விட்டுவிட்டேன். வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருஷம் நாம் எதைப் பற்றி அதிகம் பேசினோம், எதில் சண்டை போட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மன்றம் ஒரு காலத்தில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி நேயர் மன்றம். லண்டன், மாஸ்கோ, பீகிங், மணிலா, கொழும்பு என்று தமிழில் யார் பேசினாலும் பாளையங்கோட்டையில் காது கொடுத்துக் கேட்கச் சிலர் இருந்தோம். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோயின. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் மாலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், ‘இத்தனை வருஷம் இவர்களெல்லாம் எதற்காக நம்மிடம் வலிய வந்து பேசினார்கள்?’ என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் தேடுவதே இப்போது மன்றத்தின் வேலை.

தேடுகிற விஷயத்துக்குப் பெயர் வைப்பதிலேயே முதல் இரண்டு கூட்டம் போய்விட்டது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் அரசாங்கத்தோடு பேசாமல் அந்நாட்டு மக்களோடு நேரே பேசுவதை 1965-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் கல்லியன் என்பவர் தனித் துறையாக்கிப் பெயர் சூட்டினார். அதைத் தமிழில் ‘பொது ராஜதந்திரம்’ என்கிறார்கள். நம்மூரில் ஒருவனை ராஜதந்திரி என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வரப்பைத் தள்ளிப் போட்டவன் என்றுதான் அர்த்தம். குறளில் 69-ஆம் அதிகாரமே ‘தூது’ இருக்கும்போது நமக்கு எதற்குத் தந்திரம் என்று தலைவர் ஐயா கேட்டார். ‘மக்கள் தூது’ என்று முடிவானது. மற்றொன்று, மிரட்டாமலும் காசு கொடுக்காமலும் பிறரைத் தன் பக்கம் ஈர்க்கும் வலிமை. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990-இல் அதற்கு ‘சாஃப்ட் பவர்’ என்று பெயர் வைத்தார். பத்திரிகைகளில் மென்சக்தி என்று எழுதுகிறார்கள், இலங்கைத் தமிழர்கள் பலர் மென்வலு என்கிறார்கள். எனக்கு மென்வலு பிடித்தது. அறிக்கை எழுதுவது நான் என்பதால் அதையே எழுதுகிறேன். நை இந்த ஆண்டு மே மாதம் காலமானார். ஜூன் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.

இனி கடிதப் பெட்டி, அதாவது வானொலி நிலையங்கள் நமக்கு எழுதிய கடிதங்கள் இருக்கும் பெட்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் ஓர் உறுப்பினர் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்ததும், பரணில் ஏற்றாமல் விட்ட மன்றத்தின் அந்தப் பழைய பெட்டி நனைந்ததும் பலருக்குத் தெரியும். அதைத் திறக்க யாருக்கும் மனசு வராமல் ஒரு வருஷம் கிடந்தது. இந்தப் பிப்ரவரியில் ஒரு வழியாகத் திறந்தோம். சேற்று வாடையோடு, வெல்லக் கட்டி மாதிரி எல்லாம் ஒட்டிக் கிடந்தது. தென்னை ஈர்க்கை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் காயப்போட்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பாதிக்கு மேல் தேறின. அத்தனையையும் ஸ்கேன் செய்து கொடுத்த கல்லூரி மாணவி கேட்ட ஒரே சம்பளம், ஓர் ஒலிபரப்பு அட்டை. அலைவரிசையையும் நேரத்தையும் குறித்து அனுப்பினால் நிலையம் பதிலுக்கு அனுப்பும் அட்டை அது. கொடுத்துவிட்டோம்.

பிரித்ததில் என் கண்ணில் நின்றது பீகிங் வானொலிக் கடிதங்கள்தான். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது. அந்த அறிவிப்பாளர்கள் தங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். ஒரு கடிதத்தில் ‘ழ’ எழுதியிருந்த அழகைப் பார்க்க வேண்டுமே! சுழியை மெதுவாக இழுத்து, கீழே கொக்கியை வளைத்து, ஒரு சீன விரல் எழுதியிருந்தது. நம் உறுப்பினர் தன் அக்காள் கல்யாணம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அடுத்த கடிதத்தில் கல்யாணம் நல்லபடி நடந்ததா என்று விசாரிப்பு. அந்த அக்காளுக்கே இப்போது பேரன் எடுத்தாயிற்று. சீனாவோடு எல்லைத் தகராறு இருந்த காலம்தான் அது. அவர்கள் அரசியலை அவர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனாலும் “அவங்க கேட்டாங்கல்ல” என்று இன்றைக்கும் சொல்கிறார்.

ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள். நிக்கோலஸ் கல் என்ற வரலாற்றாசிரியர் மக்கள் தூதை ஐந்தாகப் பிரிக்கிறார். கேட்டல், தன் பக்கத்தை எடுத்துச் சொல்லுதல், பண்பாடு, ஆள் பரிமாற்றம், ஒலிபரப்பு. இதில் கேட்டலை அவர் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு, அரசாங்கங்கள் மிகக் குறைவாகச் செய்வது அதைத்தான் என்பது நம் உறுப்பினர் ஒருவர் படித்த கட்டுரையின் சாரம். வாயை வாடகைக்கு எடுக்கலாம், காதை எடுக்க முடியாதே என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை, பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.

இதற்குக் கையோடு ஓர் உதாரணம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக் கொடுத்த பண்பாட்டு மையத்துக்கு இந்த ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். வள்ளுவர் பெயரை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பெயரில் இருந்த ‘யாழ்ப்பாணம்’ காணாமல் போய்விட்டதே என்று அங்கே மனத்தாங்கல் வந்தது. பிறகு அதையும் சேர்த்தார்கள். பதினோரு மாடிக் கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கேட்ட பிறகாவது திருத்தினார்களே என்பது தலைவர் ஐயாவின் அபிப்பிராயம். இரண்டையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் மாதம் அமெரிக்காவின் குரல் வானொலியின் ஊழியர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. 1942-இல் ஹிட்லருக்கு எதிராகத் தொடங்கிய நிலையம். அவர்கள் நாட்டு வெளிநாட்டு உதவி அமைப்பையும் ஜூலை 1-ஆம் தேதியோடு வெளியுறவுத் துறைக்குள் கரைத்துவிட்டார்கள். இதையொட்டி நடந்த ‘பால்பவுடர் கூட்டம்’ இந்த வருஷத்திலேயே சூடானது. காமராஜர் காலத்து மதிய உணவில் அமெரிக்கப் பால்பவுடரைக் கரைத்துக் குடித்தவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். டின்னில் இரண்டு கை குலுக்குகிற படம் இருக்கும். “அது விலை கொடுத்து வாங்கிய அன்பு, ஈர்ப்பு கிடையாது, நை சொன்ன இலக்கணத்துக்குள் வராது” என்றார் ஓர் ஆசிரியர். “பசிக்கிற பிள்ளைக்கு இலக்கணம் எதுக்கு சார்?” என்றார் அடுத்தவர். அதே பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போய், வழவழப்பான ‘சோவியத் நாடு’ பத்திரிகைத் தாளைக் கிழித்து நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயில் ஒரு வல்லரசு, பையில் ஒரு வல்லரசு. மலிவு விலையில் வந்த ரஷ்ய நாவல்களின் தமிழாக்கம் இன்றும் எங்கள் அலமாரிகளில் இருக்கிறது. அந்த நாடே 1991-இல் இல்லாமல் போய்விட்டது. நாவல் தங்குகிறது, அறிக்கைப் பத்திரிகை அட்டையாகிவிடுகிறது. பிரசாரம் என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஜனங்கள் அதைச் சாமர்த்தியமாக வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கால்டுவெல் பற்றிய கூட்டம் சுமார்தான். இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொடுத்தவரை பிரிட்டிஷ் மென்வலு என்பதா, தமிழின் மென்வலு அவரை இழுத்துக்கொண்டது என்பதா என்று ஆரம்பித்தோம். மழை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு தொடரலாம்.

கொரியா பற்றிப் பேசியது நம் ஸ்கேன் மாணவிதான். வயதில் இளையவர், பேச்சில் அல்ல. தமிழ்க் குரலில் வந்த கொரியத் தொடர் பார்த்து மொழி படிக்க ஆரம்பித்தவர். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொரிய அரசு படம், பாட்டு, தொடர் எல்லாவற்றையும் தொழிலாகக் கணக்கில் எடுத்துப் பணம் போட்டதையும், தங்கள் இலக்கியத்தை மொழிபெயர்க்கத் தனி நிறுவனமே வைத்து ஆண்டுக்கணக்கில் உதவியதையும் விளக்கினார். 2024-இல் கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் கிடைத்ததன் பின்னால் மொழிபெயர்ப்பாளர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது என்றார். தமிழ்நாடு அரசும் 2023-இல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கி மொழிபெயர்ப்புக்கு மானியம் தருகிறது. பலன் தெரியப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நம் உறுப்பினர்களில் பலருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்று பொருளாளர் சொன்னதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 21 பற்றி. ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் 177 நாடுகள் முன்மொழிய யோகா தினத்தை ஏற்றது. இந்தியாவின் மென்வலுவுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நாம் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பத்தமடைக்குப் போனோம். 1887-இல் அங்கே பிறந்தவர்தான் சுவாமி சிவானந்தர். மலாயாவில் டாக்டராக இருந்து, பின் ரிஷிகேசம் போய், 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-இல் மேலை நாடுகளுக்குப் புறப்பட்டுப் போய் யோகாசனத்தைப் பரப்பினார். எந்த அமைச்சகமும் அனுப்பி அவர்கள் போகவில்லை.

அதே ஊரில்தான் பாய். ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா நெய்துகொண்டிருந்தார். பச்சைக் கோரையை வகுந்து காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி மெல்லிசாகக் கிழித்த இழை. பாவு பருத்தி நூல். ஒவ்வோர் இழையாகக் கோத்துத் தள்ள, அரை மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததில் விரல் அகலம்கூட வளரவில்லை. நெய்து முடித்தால் துணி போல மடியும். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. “குறியீடு வந்துச்சு, கூலி வரலியே” என்றார் அந்த அம்மா, பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக ஆசனம் செய்வதைப் பார்த்திருந்தேன். அத்தனை பேருக்குக் கீழேயும் பளபளவென்று ரப்பர் விரிப்பு. யோகாவை உலகுக்குக் கொண்டுபோனவருடைய குரு பிறந்த ஊர் பாய்க்குப் பேர் போனது. அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஆசனம் நடக்கிறது, பாய் மட்டும் வரவில்லை. உறுப்பினர்கள் சேர்ந்து இரண்டு பாய் வாங்கினோம். ஒன்று மன்றத்துக்கு. மற்றொன்று எனக்கு, என் காசில்.

மே, ஜூன் மாதங்களில் பயங்கரவாதம் பற்றிய தன் நிலையை விளக்க இந்தியா ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. பக்கத்துத் தொகுதியான தூத்துக்குடியின் எம்.பி. கனிமொழி ஒன்றுக்குத் தலைமை ஏற்று ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் போனார். ஸ்பெயினில், இந்தியாவின் தேசிய மொழி எது என்று ஒருவர் கேட்க, வேற்றுமையில் ஒற்றுமைதான் என்கிற பொருளில் அவர் பதில் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. நம் மன்றத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. கை தட்டியதில் கட்சி பார்க்கவில்லை. குழுக்கள் போய் வந்ததால் வெளிநாட்டு மக்களின் எண்ணம் எவ்வளவு மாறியது என்பதை எப்படி அளப்பது என்று மட்டும் ஒருவர் கேட்டார். போன ஊர், நடத்திய கூட்டம், கொடுத்த பேட்டி இவற்றை எண்ணிவிடலாம், மனசு மாறியதை எண்ண முடியாது. உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களின் தலைவலி அது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உள்ள ஒரு வெளிநாட்டுப் பண்பாட்டு மையத்துக்கு, பேச ஆள் அனுப்ப முடியுமா என்று மூன்று முறை எழுதினோம். முடியாது என்றுகூடப் பதில் வரவில்லை. ஸ்கேன் செய்த ‘ழ’வைப் பிரின்ட் எடுத்து அவர்களுக்கு அனுப்பலாமா என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நிலுவையில் இருக்கிறது.

கணக்கு: 35 உறுப்பினர்களில் 31 பேர் தலா 300 வீதம் சந்தா கட்டியதில் வரவு 9,300 ரூபாய். வேன் வாடகை 4,500, கோப்பு உறைகள் 1,200, டீ, வடை 2,150, தபால் 380, ஆகச் செலவு 8,230. கையிருப்பு 1,070. சந்தா பாக்கி வைத்திருக்கும் நான்கு பேரும் இன்று வந்திருக்கிறார்கள், முன் வரிசையிலேயே இருக்கிறார்கள். வடைக் கணக்கு கூடுதலாகத் தெரிகிறது என்று தணிக்கையாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் பங்கும் அதில் உண்டு.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலை. கூடங்குளத்து நகரியத்தில் தங்கி வேலை பார்த்த ரஷ்யர்களோடு பழகிய கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் அனுபவத்தைக் கேட்டுப் பதிவு செய்வது. கால்டுவெல் கூட்டத்தை மழையில்லாத மாதத்தில் முடிப்பது. பெட்டியில் தேறிய கடிதங்களை வைத்துப் பாளையில் ஒரு நாள் கண்காட்சி. மூன்றாவதற்கு இடம் தர ஒரு பள்ளி வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறது. எழுத்தில் வாங்க வேண்டும்.

அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சுக்குக் காப்பி தயார். மன்றத்துப் பாய் மேசை மேல் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், டம்ளரை மட்டும் அதன்மேல் வைக்க வேண்டாம்.

செயலாளர்