மரச்சீனிக்கு எத்தனை கலோரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாப்பாட்டுக் கணக்கு எழுதும் செயலிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதற்கு மாதச் சந்தா எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் அடுக்களையில் வேகிறது எதுவும் அவற்றில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லவில்லை.

நான் களியக்காவிளைக்காரி. என் கணவர் பிக்கப் வண்டியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு தினமும் கேரளத்துக்குப் போய்வருகிறவர். சென்ற ஆண்டு அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஒரு மாதம் சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன். மகள்தான் சிரித்துவிட்டு, என் போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள்.

முதல் நாள் இரவு அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்குதான்) சாளை மீன் கறியும். மரச்சீனி என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. மரவள்ளி, கப்பை, எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஊகூம். கடைசியில் மகள் சொன்னபடி டாப்பியோக்கா என்று ஆங்கிலத்தில் கொடுத்ததும் 100 கிராமுக்கு 358 கலோரி என்று காட்டியது. தட்டில் இருந்தது 200 கிராம். 716 என்று நான் வாசித்ததும் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் மகளை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டியலில் டாப்பியோக்கா என்றிருப்பது காய்ந்த சவ்வரிசி. கிழங்குக்கு அங்கே கஸாவா என்று பெயர். பச்சைக் கிழங்கு 100 கிராமுக்கு 160 கலோரி. பாயசத்துச் சவ்வரிசியின் கணக்கைக் கிழங்கின் தலையில் கட்டி, அந்தச் செயலி ஒரு மனிதரைப் பட்டினி போடப் பார்த்திருக்கிறது. (அதற்காகக் கிழங்கு சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. அது முழுக்க மாவுதான்.)

கறியிலும் இதே வம்பு. 'மீன் குழம்பு, ஒரு கிண்ணம்' என்று ஒரு எண் வருகிறதே, அது யார் வீட்டுக் குழம்பு? எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைக்காமல் மீன் வைப்பதில்லை. 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆகவே நம் வீட்டுச் சமையலை நாமே பொருள் பொருளாக எழுதிச் சேமிக்க இலவசப் பகுதியிலேயே இடம் தரும் செயலியைத்தான் நான் தேடுவேன். பார்கோடு படிக்கும் வசதியை மைஃபிட்னஸ்பால் என்ற செயலி 2022-இல் கட்டணப் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மாற்றட்டும், சாளைக்கு ஏது பார்கோடு?

செலவு என்றால் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கிய ஒரு மின்தராசுதான் எனக்கு உருப்படியான செலவு. அவர் வழிக்கடையில் தின்கிற புட்டுக்கு 'ஒரு குற்றி' (ஒரு குழல் புட்டு) என்று கணக்குச் சொல்வார். செயலி கிராமில் கேட்கும். ஒருநாள் அந்தக் கடைப் புட்டைப் பொதிந்து கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்தேன். அன்றிலிருந்து குற்றி என்றால் எத்தனை கிராம் என்பது எனக்கு மனப்பாடம்.

இலவசம் என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. வேறொரு செயலியை ஏழு நாள் சும்மா பார்க்கலாம் என்று எடுத்தேன். பிடிக்கவில்லை, போனிலிருந்து அழித்துவிட்டேன். எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது! செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவலும் வந்துதான் இருந்தது. தள்ளுபடிச் செய்திகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் கிடந்ததை நான்தான் பார்க்கவில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப்பொருள்கள் 528-ஐ ஆய்ந்து 2017-இல் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் தொடக்கம் 1918-இல் நம் குன்னூரில் என்பதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இந்த அட்டவணையைக் கொண்டு கணக்கிடுகிறதா என்பதைச் சந்தா கேட்கும் ஒவ்வொரு செயலியிடமும் தங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். நம் பெயர், எடை, நோய் எல்லாவற்றையும் அதில் எழுதுகிறோம் என்பதும் ஒரு வரி வந்திருக்கலாம். 2018-இல் மைஃபிட்னஸ்பாலிலிருந்து சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் திருடுபோனது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது மரச்சீனி, சம்பா அரிசிக் கஞ்சி, புட்டு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு செயலியிலும் தமிழில் அடித்துப் பார்த்து, என்ன வந்தது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை.