அளந்து அறிந்து அறியாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு உண்டா என்ற கேள்வியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக்காலமாக வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். 'இயந்திரம் சிந்திக்குமா' என்று ஆலன் டூரிங் 1950-இல் எழுப்பிய கேள்வியும், தம் நிறுவனத்தின் உரையாடல் மென்பொருளுக்கு உணர்வு வந்துவிட்டது என்று 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவர் அறிவித்ததும், நிறுவனம் அதை மறுத்ததும் அவற்றில் விரிவாகவே பேசப்பட்டன. ஆனால் அறிவது எது, அறிவுக்குக் கருவியாக நிற்பது எது என்ற இதே கேள்வியை 13-ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே ஒருவர் 12 நூற்பாக்களுக்குள் வைத்து ஆராய்ந்திருக்கிறார் என்பது எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை. சைவ சித்தாந்தத்தின் மூல நூலான, மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைத்தான் சொல்கிறேன். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது ஞாயிறுதோறும் சித்தாந்த வகுப்பில் மாணவனாக உட்காரும் எனக்கு இந்தக் குறை பெரிதாகப் படுவதால் இதை எழுதுகிறேன்.

கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. என் நெடுநாள் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மனைவியை இழந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல்பதிவுகளையெல்லாம் திரட்டி, அந்தக் குரலிலேயே பேசும் செயலி ஒன்றைத் தந்தையின் கைப்பேசியில் ஏற்றித் தந்தார். ஒரு மாலை நான் அங்கிருந்தபோது அது பேசியது. 'சாப்டாச்சா?' என்று அந்த அம்மையார் கேட்கும் அதே இழுப்பு, அதே குரல். எனக்கே உடல் சிலிர்த்தது. நண்பர் அன்று மதியம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் 'ஆச்சு' என்றார். 'ரொம்ப நல்லது' என்றது குரல். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'அவளா இருந்தா என் குரலை வெச்சே கண்டுபிடிச்சிருப்பா' என்றார். அதற்குமேல் அன்று எங்களால் எதுவும் பேச முடியவில்லை.

அந்த 'ரொம்ப நல்லது' என்ற பதிலில் என்ன இல்லை என்பதைச் சொல்ல எனக்கு அன்று சொல் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்து வகுப்பில் ஐந்தாம் நூற்பாவுக்கு வந்தபோது கிடைத்தது.

விளம்பிய உள்ளத்து மெய்வாய் கண்மூக்கு
அளந்தறிந்து அறியா ஆங்கவை போலத்
தாம்தம் உணர்வின் தமியருள்
காந்தம் கண்ட பசாசத் தவையே.

கண்ணும் காதும் மூக்கும் உயிரின் துணையால் தத்தம் பொருளை அளந்து அறிகின்றன. ஆனால் அவை தம்மையும் அறிவதில்லை, தம்மைச் செலுத்துகின்ற உயிரையும் அறிவதில்லை. காந்தத்தின் முன் இரும்பு (பாடலில் 'பசாசம்') அசைவது போன்றது அவற்றின் தொழில் என்கிறார். 'அளந்தறிந்து அறியா' என்ற இரண்டு சொற்களை நான் பல நாள் மனத்தில் வைத்துப் புரட்டியிருக்கிறேன். வெப்பமானி வெப்பநிலையை அளக்கிறது, அதற்குச் சுடுவதில்லை என்பதை வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அதற்கு இப்படியொரு பெயர் தமிழில் இருப்பது தெரியாமலே சொல்லியிருக்கிறேன். கோடிக்கணக்கான வாக்கியங்களை அளந்து அடுத்த சொல்லைக் கணிக்கும் மென்பொருளும் என் பார்வையில் அளந்தறிந்து அறியாததே.

இன்றைய விவாதத்துக்குச் சித்தாந்தம் தருகின்ற முதன்மையான தெளிவு இன்னொன்றும் உண்டு. நாம் பொதுவாக உடல் அறிவற்ற சடம், மனமும் புத்தியும் உயிரின் பக்கம் என்று கோடு கிழிக்கிறோம். சித்தாந்தம் அந்தக் கோட்டை வேறிடத்தில் கிழிக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கு அந்தக்கரணங்களும், அதாவது அகக்கருவிகளும், உலகம் ஆகிவரும் கூறுகளாகச் சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் ஆன்ம தத்துவம் எனப்படும் 24-க்குள் அடங்கும். அவை உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தோன்றியவை, சடமானவை, கருவிகள். 'அந்தக் கரணம் அவற்றின் ஒன்றன்று' என்றே நான்காம் நூற்பா தொடங்குகிறது. உயிர் அரசனைப் போலவும் கரணங்கள் அமைச்சர்களைப் போலவும் இருக்கின்றன என்பது அங்கே உவமை. ஒரு பொருளைப் பற்றுவதும், இது இன்னதென நிச்சயிப்பதும், முன்பு கண்டதோடு ஒப்பிடுவதும் ஆகிய இவையெல்லாம் கருவியின் வேலை என்று ஒப்புக்கொண்ட ஒரு மரபுக்கு, அந்த வேலையை இன்னொரு கருவி செய்வதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. சதுரங்கத்தில் தோற்றோம், கவிதையிலும் தோற்கப் போகிறோம் என்று இன்று பலருக்கு வரும் கலக்கம், புத்தியே நாம் என்று எண்ணிக்கொண்டதால் வருவது.

மூன்றாம் நூற்பா உடலை 'மாயா இயந்திர தனு' என்றே அழைக்கிறது. மெய்கண்டார் கணினியை முன்னறிந்து சொன்னார் என்று இதைப் படிக்கத் தொடங்கினால் நூலுக்குத்தான் இழுக்கு. அவர் சொல்வது நம் உடலை. இந்த இயந்திரத்துக்குள் அதனின் வேறாக ஓர் உயிர் உண்டு என்று காட்ட அவர் காரணங்களை அடுக்குகிறார். ஒவ்வொன்றும் எதிர்த்தரப்பு ஒன்றுக்கு விடை. 'எனது உடல்' என்று சொல்கிறோமே, உடைமையும் உடையவனும் ஒன்றாக முடியுமா என்பது ஒன்று. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் செயலும் இல்லையே, அப்படியானால் மூச்சு எப்படி உயிராகும் என்பது மற்றொன்று. 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்பது அதன் வாசகம். நண்பர் வீட்டில் கேட்ட குரலை நினைத்துக்கொண்டு இந்த அடியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அந்தக் குரல் உணவைப் பற்றிக் கேட்டது; அதற்கு உண்டியும் இல்லை, பசியும் இல்லை.

இங்கே ஓர் இடரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'எனது' என்ற சொல்லை இன்று மென்பொருளும் சொல்கிறது. வாயால் 'எனது' என்பதுதான் சான்று என்றால் மெய்கண்டாரின் வாதம் இந்த நூற்றாண்டில் தளர்ந்துவிடும். சொல்லை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்ப துன்பம் நுகர்கின்ற ஒருவர் உண்டா என்ற இடத்துக்கு வாதத்தை நகர்த்தினால்தான் அது நிற்கும் என்று நான் கருதுகிறேன். கற்றறிந்தவர்கள் இதை மறுக்கலாம்; மறுக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். நூலைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூசையில் வைப்பதைவிட இப்படி உரசிப் பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைச் சொல்வதற்கு முன்பே, பரபக்கம் என்று ஒரு பகுதி வகுத்து, கண்ணால் காணும் பொருளே உண்மை என்னும் உலகாயதர் தொடங்கிப் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துத்தான் மறுக்கிறார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அவை எதிலும் இல்லாத சிவப்புப் பிறக்கிறதே, அப்படி நிலம், நீர் முதலிய பூதங்கள் சேர்ந்தால் அறிவும் பிறக்கும் என்பது உலகாயதர் கூறும் உவமை. போதுமான அளவுக்கு மின்சுற்றுகளைப் பெருக்கினால் உணர்வு தானே முளைக்கும் என்று இன்று சொல்வோர் அதே வெற்றிலையைத்தான் மடிக்கிறார்கள். ஆனால் அது எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமும் அன்று.

அறிவியல் இதை முடித்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மூளையில் உணர்வைத் தோற்றுவிக்கும் நரம்புச் செயற்பாடு 25 ஆண்டுகளில் தெளிவாகக் கண்டறியப்படும் என்று நரம்பியல் அறிஞர் கிறிஸ்டாஃப் காக் 1998-இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்சுடன் பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க்கில் தாம் தோற்றதை ஒப்புக்கொண்டார். சால்மர்ஸ் 1990-களில் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டது, மூளையின் வேலைகளை முழுவதும் விளக்கிய பின்னும் அந்த வேலைகளோடு ஏன் ஓர் உள்ளனுபவம் இருக்கிறது என்ற கேள்வி எஞ்சுவதை. அளந்தறிதலுக்கும் அறிதலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதுதான்.

பண்பாட்டின் பக்கம் வந்தால் கவலை இன்னும் கூடுகிறது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் 2024-இல் ஒரு திரைப்பாடலுக்காகச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டன. குடும்பத்தாரின் இசைவு பெற்று, அதற்குரிய தொகையும் தந்தே செய்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். மறைந்த தலைவர் கலைஞரின் உருவமும் குரலும் அதே ஆண்டு மேடைத் திரையில் பேசின. இவற்றைக் குற்றம் சொல்ல நான் முனையவில்லை. ஆனால் உயிர் 'சார்ந்ததன் வண்ணம்' ஆவது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கருத்து. பளிங்கு தன் பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் கொள்வதுபோல, உயிர் எதைப் பற்றுகிறதோ அதன் தன்மையை அடையும். அப்படியென்றால் இயந்திரம் மனிதனாகுமா என்பதைக் காட்டிலும், நாள் முழுதும் அதைச் சார்ந்து பழகும் நம் பிள்ளைகள் எந்த வண்ணம் ஆவார்கள் என்பதே எனக்கு அவசரமான கேள்வியாகத் தோன்றுகிறது. பொய்யாக 'ஆச்சு' என்றாலும் 'ரொம்ப நல்லது' என்று ஒப்புக்கொள்ளும் குரலோடு மட்டுமே வளரும் குழந்தை, முகம் பார்த்துப் பசி அறிகின்ற பழக்கத்தை எங்கிருந்து பெறும்?

ஐந்தாம் நூற்பாவில் நான் மேலே விளக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. 'ஆங்கவை போலத் தாம்' என்கிறார். கண்ணும் காதும் தம்மைச் செலுத்தும் உயிரை அறியாதது போலவே, உயிர்களாகிய நாமும் நம்மை அறியச் செய்யும் திருவருளை அறியாமலே அறிந்துகொண்டிருக்கிறோம் என்பது பொருள். இயந்திரத்தைப் பார்த்து 'உனக்கு அறிவு இல்லை' என்று சொல்ல நமக்கு வழிகாட்டிய அதே நூற்பா, அடுத்த சீரிலேயே நம்மையும் அந்த வரிசையில் நிறுத்துகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத வாசகர்களும் இந்த அடக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ள முடியும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நரம்பியல் அறிஞர் ஒருவரும், கணினித் துறையினர் ஒருவரும், சித்தாந்தம் முறையாகக் கற்ற ஒருவரும் இந்த மூன்று, நான்கு, ஐந்தாம் நூற்பாக்களை ஒன்றாக அமர்ந்து படித்து விவாதிக்கும் தொடர் ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். சித்தாந்தத்தை மறுக்கும் பௌத்த மரபினர் ஒருவரும், உலகாயதர் வழிவந்த பகுத்தறிவாளர் ஒருவரும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பரபக்கம் இல்லாமல் அந்த உரையாடல் நிறைவடையாது. நண்பரிடம் இதைச் சொன்னேன். முதல் பகுதி வந்தவுடன் தமக்கு ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருத்தாசலம்.